விட்டுவிட வேண்டிய பந்து

தியானப் பகுதி: தானியேல் 1:1–16



2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி பிற்பகல் 3.30 மணிக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இந்திய அணியின் டெஸ்ட் தொடர் ஆரம்பமானது. தொடர்ந்து பர்மிங்காம், லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் என மொத்தம் 5 ஆட்டங்கள். உங்கள் போதகர் கிரிக்கெட் ரசிகர் என்பதைச் சபையார் அறிவீர்கள். ஆவலோடும் சற்று அச்சத்தோடும் நான் அத்தொடரை எதிர்நோக்கியிருந்தேன்.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1932 முதல் நம்மவர் அங்கே சென்று ஆடிவருகிறார்கள். ஆயினும் 1971, 1986, 2007 ஆகிய மூன்று முறை மட்டுமே தொடரை வென்று திரும்பினார்கள். 2025 மே மாதத்தில் ரோகித் சர்மாவும் விராட் கோலியும் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். நம் அஸ்வின் 2024 டிசம்பரிலேயே விடைபெற்றார். தலைமை ஏற்றிருந்த ஷுப்மன் கில்லுக்கு அப்போது வயது 25. நம் தமிழகத்திலிருந்து வாஷிங்டன் சுந்தரும், அதுவரை ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடியிராத சாய் சுதர்சனும் அணியில் இருந்தார்கள்.

அந்நிய மண்ணில் ஆடுவது ஏன் கடினம்? மேகம் மூடிய வானத்தின் கீழ், அங்கே பயன்படுத்தும் டியூக்ஸ் பந்து காற்றில் வளைந்து செல்லும். சேப்பாக்கத்தில் எல்லைக்கோட்டுக்கு விரட்டக்கூடிய அதே பந்து, அங்கே மட்டையின் விளிம்பை உரசி ஸ்லிப்பில் நிற்பவர் கைக்குப் போய்விடும். ஆகவே இங்கிலாந்து செல்லும் ஆட்டக்காரர் முதலாவது கற்க வேண்டியது அடிக்கும் கலையை அல்ல. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஆசைகாட்டிச் செல்லும் பந்தை அடிக்காமல் விட்டுவிடும் கலையையே.

2014-இல் விராட் கோலி அங்கே 10 இன்னிங்ஸில் எடுத்தவை 134 ஓட்டங்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் மட்டுமே அவரை நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்தார். 2018-இல் அதே தேசம், அதே ஆண்டர்சன். ஆனால் கோலி 593 ஓட்டங்கள் எடுத்தார்; ஆண்டர்சனால் ஒருமுறைகூட அவரை வீழ்த்த முடியவில்லை. தேசம் மாறவில்லை, பந்தும் மாறவில்லை. எதைத் தொடுவது, எதை விடுவது என்பதில் அவர் பொறுமை கற்றிருந்தார்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவன் எல்லாவற்றையும் மறுத்தவன் அல்ல. கல்தேயருடைய மொழியையும் எழுத்தையும் கற்றான். அவர்கள் இட்ட பெயரால் அழைக்கப்பட்டான். பின்னர் அவர்களுடைய அரசாங்கத்தில் உயர்ந்த பொறுப்பும் வகித்தான். ஆனால் அரசனுடைய பந்தியிலிருந்து வந்த உணவை மட்டும் தொடுவதில்லை என்று முதலில் தன் உள்ளத்தில் முடிவுசெய்தான். அதன் பிறகே அதிகாரியிடம் போய், சண்டையிடாமல், பணிவோடு பத்து நாள் அவகாசம் கேட்டான்.

ஜூன் மாதத்தில் நம் கண்டாச்சிபுரத்திலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் விழுப்புரம் சென்று பேருந்தும் ரயிலும் ஏறுகிறார்கள்! சென்னையில் கல்லூரி, திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் வேலை, சிலருக்கு வளைகுடா நாடு. "ஐயா, அங்கே போய் என் பிள்ளை மாறிப்போய்விடுவானோ?" என்று ஒரு தாய் ஜெபக் கூட்டம் முடிந்தபின் கண்ணீரோடு கேட்டார்கள். அது இன்று நம் பல வீடுகளின் கேள்வி.

அம்மா, உங்கள் பிள்ளை மாறத்தான் வேண்டும். புதிய மொழி, புதிய தொழில், புதிய நண்பர்கள். இவற்றை அவன் துணிவோடு ஏற்கட்டும். எல்லாப் பந்தையும் விட்டுவிடுபவர் ஓட்டம் எடுப்பதில்லை. ஒரு நாள் ஸ்டம்பையே பறிகொடுப்பார். எதை விடுவது என்று அறிய வேண்டுமானால், தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே நிற்கிறது என்பது ஆட்டக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தைப் பிள்ளைகள் அந்நிய ஊரில் கற்பதில்லை. நம் வீட்டு ஜெபத்திலும், ஞாயிறு பள்ளியிலும், தகப்பன் கடன் வாங்கிய இடத்தில் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதைப் பார்த்துமே கற்கிறார்கள். தானியேல் முதிர்ந்த வயதிலும் எருசலேமை நோக்கித் திறந்த ஜன்னலருகே முழங்கால்படியிட்டான் என்றால், அவ்வழக்கத்தின் வேர் பாபிலோனில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோலி அத்தனை சிறப்பாக ஆடிய 2018 தொடரை இந்தியா 4–1 என்று இழந்தது. உண்மையாய் இருப்பவருக்கு எப்போதும் வெற்றி கிட்டும் என்று வேதம் நமக்குச் சொல்லவில்லை. தானியேல் உறுதியாய் நின்றபோதும் எருசலேம் இடிந்தே கிடந்தது. ஆனாலும் அந்தத் தூரதேசத்தில் அவன் தனியாய் விடப்படவில்லை. நம் பிள்ளைகளுக்காக நான் பற்றிக்கொண்டிருக்கும் நம்பிக்கை இதுவே.

ஆகவே இவ்வாரம், வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஜெபித்தபின் தொலைபேசியில் அழைத்து, மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் கேட்குமுன், "சாப்பிட்டாயா, நன்றாய் இருக்கிறாயா?" என்று கேளுங்கள்.

ஜெபம்: அந்நிய தேசத்திலும் ஆண்டவராயிருக்கிற தேவனே, எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்க வேண்டியதை ஏற்கும் துணிவையும், விட்டுவிட வேண்டியதை விட்டுவிடும் பொறுமையையும் தாரும். அவர்கள் போகும் ஊர்களில் அவர்களுக்கு முன்னே நீர் இரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.