பொம்மைக் கண்ணில் விழும் பூ

தமிழில் பாவை என்னும் சொல் பொம்மையையும் குறிக்கும், கண்ணின் மணியையும் குறிக்கும். இலத்தீன் மொழியில் கண்மணிக்கு வழங்கும் பெயரும் சிறுமி, சிறு பொம்மை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்தே வந்தது. ஒருவர் கண்ணை மற்றொருவர் அருகிலிருந்து நோக்கும்போது நோக்குபவரின் சிற்றுருவம் அதற்குள் தெரிவதே இரு மொழிகளிலும் இப்பெயருக்குக் காரணம். அவ்வுருவத்தைக் காட்டுவது மணியின் கருமை மட்டுமன்று, கருவிழியின் மேல் எந்நேரமும் பரவி நிற்கும் கண்ணீரின் மெல்லிய ஏடுமாகும். அந்த ஏடு இல்லையேல் கண்ணில் ஒளி நிற்காது, ஒளி நிற்காத கண்ணில் பாவையும் தெரியாது. கொலுப் பொம்மைக்குக் கண் எழுதுவோர் ஒரு துளி வார்னிஷைக் கொண்டு செய்ய முயல்வது இந்த ஈரத்தின் போலியையே. அத்தொழிலில் நேரும் இடர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு துளியைச் சுற்றியே அமைகின்றன.

சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, அத்தொழில் செய்யும் வீடு ஒன்று உள்ள ஊரப்பாக்கம், 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆட்சி எல்லை மாறினாலும் தொழில் எல்லை மாறவில்லை. காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெரு, கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னையின் கொசப்பேட்டை ஆகியவை மண்ணாலும் காகிதக் கூழாலும் கொலுப் பொம்மை செய்வதில் பெயர் பெற்ற இடங்கள். இவ்வாறான இடங்களில் அச்சில் அடித்து, காயவைத்து, மண்ணாயின் சூளையில் சுட்டு எடுக்கப்பட்ட வெறும் பொம்மைகளை வாங்கிவந்து வண்ணம் மட்டும் தீட்டித் தரும் வீடுகளும் உண்டு. ஊரப்பாக்கத்தில் ஆவணி மாதத்தில் பார்க்கப்பட்ட வீடு அத்தகையது. ஆகையால் அச்சுவேலை பற்றி இங்குக் கூறுவதற்கு ஒன்றுமில்லை. பின்கட்டின் தகரக் கூரைக்கடியில், பலகைகளில் வரிசையாக நின்ற கண்ணில்லாத தசாவதாரங்களிலிருந்தே செய்தி தொடங்குகிறது.

பொம்மையின் மேல் முதலில் பூசப்படுவது சாக்குப் பொடியைப் பசையில் குழைத்த வெள்ளை. இது காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கப்படும். அதன்மேல் உடல் நிறம், ஆடை, அணி என்று வண்ணங்கள் ஏறும். முகம் கடைசி, முகத்திலும் கண்ணே கடைசி. சாக்குப் பொடியும் நீர் வண்ணமும் கலந்த இப்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. அதில் படும் ஒளி நாற்புறமும் சிதறுவதால் எவ்வளவு கரிய மையால் எழுதினாலும் கருமணி சாம்பல் பூத்தாற்போலவே தோன்றும். வார்னிஷ் அந்தப் பள்ளங்களை நிரப்பிப் பரப்பை ஒரே மட்டமாக்கும்போது ஒளி சிதறாமல் ஒரு புள்ளியாகத் திரும்புகிறது, கருமை ஆழமாகிறது, பொம்மை பார்க்கத் தொடங்குகிறது. மழையில் நனைந்த செம்மண் திடீரென்று நிறம் அடர்ந்து தெரிவதும் இதே காரணத்தாலேதான்.

இந்த ஒரு புள்ளி சரியாக அமைவதற்குத் தடையாக நிற்பது காற்று. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோடை இறுதியிலும் ஆவணி புரட்டாசியிலும் முற்பகல் மேற்குக் காற்றால் சுட்டெரிக்க, பிற்பகலில் கோவளம், மாமல்லபுரம் பக்கமிருந்து கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். பல மாலைகளில் இடிமழையும் சேரும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஆக்கும் வார்னிஷ் விரைவில் காய்வது, ஆனால் ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நேரமாயின் குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் அரும்புவது போலப் பூச்சின் மேலும் அரும்பி, அதற்குள்ளேயே சிக்கி, வெண்ணிறப் படலமாக உறைந்துவிடுகிறது. இக்குறைக்கு ஊரப்பாக்கத்து வீட்டில் வழங்கும் பெயர் ‘பூ விழுதல்’. மனிதர் கருவிழியில் வெண்தழும்பு படர்வதைப் பூ விழுந்த கண் என்று சொல்லும் பழைய வழக்கை அப்படியே பொம்மைக்கும் எடுத்தாண்டிருப்பது, வேதியியல் நூல்கள் இக்குறைக்கு இட்டுள்ள எந்தப் பெயரைவிடவும் துல்லியமானது. பதினொரு மணிக்கு முன் வார்னிஷ் முடிய வேண்டும், கடற்காற்று ஏறியபின் புட்டியைத் திறக்கவே கூடாது என்பது அங்குள்ள கட்டுப்பாடு.

நீரில் கலந்த அக்ரிலிக் பூச்சுகள் இவ்விடரை நீக்கும் என்று எண்ணத் தோன்றும். அவற்றில் பிசின், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரில் மிதக்கிறது. நீர் வெளியேறியபின் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் தெளிந்த ஏடு உருவாகும். கண்ணில் குவிவு வேண்டும் என்பதற்காகத் தடித்த துளியாக வைத்தால் மேற்புறம் முதலில் மூடிக்கொள்ள, உள்ளே அகப்பட்ட நீர் பால்போல் மங்கித் தங்கிவிடுகிறது. புட்டியைக் குலுக்கினால் குமிழி நுழைகிறது; கருமணியின் நடுவே நின்றுவிட்ட ஒரு குமிழி, பார்வையை வேறொரு பக்கம் திருப்பிவிடும். இதற்குத் தீர்வு மெல்லிய பூச்சாகப் பலமுறை இடுவதும், ஒவ்வொரு முறைக்கும் இடையே காத்திருப்பதும்.

எண்ணெய் சேர்ந்த வார்னிஷுக்கும் எனாமலுக்கும் உள்ள குறை உடனே வெளிப்படுவதில்லை. அதனாலேயே அது கொடியது. இவை காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுபவை. இறுகியபின் காலப்போக்கில் மஞ்சளிப்பவை. வெளிச்சத்தில் இருப்பதைக் காட்டிலும் இருளில் விரைவாக மஞ்சளிப்பவை. கொலுப் பொம்மையின் வாழ்க்கையோ இருளில் கழிவது. ஆண்டில் ஒன்பது பத்து நாட்கள் படியில் நின்று, எஞ்சிய நாளெல்லாம் பழைய வேட்டியிலோ செய்தித்தாளிலோ சுற்றிப் பரணில் கிடக்கும் அதற்கு, சுவரோவியத்துக்கோ சன்னலுக்கோ தீங்கு செய்யாத பூச்சே தீங்காகிறது. மறு ஆண்டு பெட்டியைத் திறப்பவர் வெண்விழி மஞ்சள் காமாலை கண்டதுபோல் இருப்பதைப் பார்த்துச் செய்தவரைக் குறை கூறுகிறார். உண்மையில் இம்மஞ்சளின் ஒரு பகுதி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் சில நாட்கள் பொம்மையை வைத்தால் தானே வெளுக்கக்கூடியது. நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே பரணைத் திறக்கும் வீடுகளில் இது அறியாமலே நடந்துவிடுகிறது. நன்றாகக் காயாத பூச்சின்மேல் துணி ஒட்டி இழை பதிவதும், தகரப் பெட்டியின் வெப்பத்தில் செய்தித்தாளின் எழுத்து இமையில் அச்சாவதும் இதனினும் மோசமானவை. அவற்றைச் சுரண்டினால் கண் எழுதிய கோடும் உடன் வந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் நிற்கும் கருவி ஒரு தூரிகை. அணில் வால் மயிரைக் கட்டிச் செய்யும் மெல்லிய தூரிகை இந்திய ஓவியர்களிடம் நெடுங்காலம் வழங்கியது; இன்று அவ்வீட்டில் இருப்பவை கடையில் வாங்கிய செயற்கை மயிர்த் தூரிகைகளே. ஆயினும் புதுத் தூரிகையை எவரும் கண்ணுக்கு எடுப்பதில்லை. இரண்டு மூன்று பருவங்கள் ஆடைக் கரைகளை எழுதித் தேய்ந்து, சுற்று மயிரெல்லாம் உதிர்ந்து, நடுவில் நாலைந்து மட்டும் எஞ்சிய தூரிகையே கண் எழுதத் தகுதி பெறுகிறது. மையிடும் தூரிகை வார்னிஷுக்குப் போவதில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் வார்னிஷின் ஸ்பிரிட், தூரிகையில் எஞ்சிய மையைக் கரைத்து வெண்விழிக்கு இழுத்துவிடும் என்பது காரணம். அத்தகைய தூரிகை ஒன்று அவ்வீட்டில் மூங்கில் குழாய் ஒன்றுக்குள் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அதைக் கையாளும் பெண் அறுபதைக் கடந்தவர். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். தாய்வீட்டில் சிறுமியாக இருந்தபோது ஆடைக்குப் பொட்டு வைப்பதற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவர். கண் எழுதும் உரிமை தந்தைக்கும் தமையனுக்குமே இருந்தது என்றும், கணவரின் கை நடுங்கத் தொடங்கிய ஆண்டில்தான் தூரிகை தம் கைக்கு வந்தது என்றும் அவர் கூறினார். இப்போது அவருக்கே கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியின்றி, இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் துளியை முதலில் தொட்டுப் பருமன் பார்த்து, மூச்சை அடக்கி, இரண்டு கண்களையும் ஒரே மூச்சில் முடிக்கிறார். வலக்கண்ணை இன்றும் இடக்கண்ணை நாளையும் எழுதினால் இரண்டும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை என்பது அவர் அனுபவம்.

கண்ணைக் கடைசிக்கு வைப்பது பொம்மைத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. இதே மாவட்டத்தின் மாமல்லபுரத்தில், 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்வி நிலையத்தைச் சூழ்ந்து வளர்ந்த கற்பட்டறைகளிலும் வழிபாட்டுக்குரிய திருமேனியின் கண்கள் இறுதியிலேயே திறக்கப்படுகின்றன. நயனோன்மீலனம் எனப்படும் இச்சடங்கில் சிற்பி பொன்னூசியால் விழியைத் திறந்தபின் கண்ணாடி, கன்றுடன் கூடிய பசு போன்ற மங்கலப் பொருள்கள் அதன் முதற்பார்வைக்குக் காட்டப்படும். இலங்கையின் கண்டிப் பகுதியில் புத்தர் உருவுக்குக் கண் எழுதும் கலைஞர் நேராக நோக்காமல் கண்ணாடியில் பார்த்தே எழுதும் மரபைக் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் பதிவு செய்துள்ளார். கருங்கல்லில் வார்னிஷுக்கு இடமில்லை. ஆனால் ஆண்டாண்டாகச் செய்யப்படும் எண்ணெய்க் காப்பு கல்லின் துளைகளை நிரப்பிக் கருவறைத் திரியொளியை விழியில் நிறுத்துகிறது. அதாவது வார்னிஷின் வேலையையே செய்கிறது. மாமல்லபுரத்துப் பல்லவப் பாறைச் சிற்பங்களில் பெரும்பாலானவற்றின் விழிகளில் மணி செதுக்கப்படாமல் வெறுமையாக இருப்பது காண்போருக்கு ஓர் அமைதியைத் தருவது. எனினும் அவ்வமைதி சிற்பியின் முழு நோக்கமாகாது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டறிந்த வண்ணப் பூச்சின் எச்சங்களை நினைவிற்கொண்டால், அவ்விழிகளும் ஒரு காலத்தில் தூரிகையால் எழுதப்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

உலகின் மறுகோடியிலும் இதே துளி இடர் தருகிறது. 1990களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கிய ‘ரீபார்ன்’ பொம்மைகள், பிறந்த குழந்தையை ஒத்த வைனில் பொம்மைகளாகும். அவற்றுக்குத் தோலின் நரம்புகள் வரை வண்ணம் தீட்டி, சுமார் 130 பாகை செல்சியசில் சுட்டு வண்ணத்தை நிலைப்படுத்துவர். விழித்திருக்கும் குழந்தைக்குக் கண்ணாடியாலோ அக்ரிலிக்காலோ ஆன கண் பொருத்தப்படும். ஜெர்மனியின் லௌஷா ஊரில் 1835இல் லூத்விக் முல்லர் ஊரி செயற்கைக் கண்ணைச் செய்ததிலிருந்து வளர்ந்த கண்ணாடிக் கண் தொழில் இதற்கு மூத்தது. உறங்கும் குழந்தைக்கு இமைக் கோட்டிலும் கண்ணின் உள்மூலையிலும் பளபளப்புப் பூச்சைத் துளியாக இட்டு ஈரம் காட்டுவர். அங்கே பூ விழுவதைவிட ஒட்டிக்கொள்வதே பெருங்குறை. வைனிலை இளக்குவதற்குச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலெழுந்து பூச்சைத் தளர்த்த, மாதங்கள் சென்றாலும் கண்ணோரம் பிசுபிசுத்துத் தூசியை வாங்கிக்கொள்ளும். அப்பொம்மைக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை கிடைப்பதால் செய்பவர் பூச்சை உரித்து மீண்டும் இட நேரம் எடுத்துக்கொள்ள முடிகிறது. ஊரப்பாக்கத்துப் பெண்ணுக்கு அந்த நேரம் இல்லை. இரு கைவினைகளுக்கும் இடையே உள்ள மெய்யான வேறுபாடு இதுவே, திறமையில் இல்லை.

ஊரப்பாக்கத்து வீட்டைப் பார்க்கச் சென்ற நாளிலேயே நேரமின்மை வெளிப்பட்டது. நவராத்திரிச் சரக்கை எடுக்க வந்த இளைஞர் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். “தம்பி, கண்ணு இன்னும் ஆறல. ரெண்டு நாள் பொறுப்பா,” என்றார் கண் எழுதும் பெண். “நான் என்னக்கா பண்றது, முதலாளி இன்னிக்கே ஏத்தச் சொல்லிட்டாரு,” என்று கூறி இளைஞர் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். அவ்விளைஞரும் கூலிக்கு உழைப்பவரே. ஆனால் முதலாளியான வணிகரின் கணக்கில், பெட்டியிலிட்ட வைக்கோல் கண்ணில் ஒட்டித் திரும்பிவரும் பொம்மையின் விலை கண் எழுதியவரின் கூலியிலிருந்தே கழிக்கப்படுகிறது. காயும் நேரத்தைப் பறித்தவர் வணிகர். காயாமைக்குத் தண்டம் கட்டுபவர் கைவினைஞர். ஒரு பொம்மைக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலியில் தூரிகை ஓடும் நிமிடங்கள் மட்டுமே எண்ணப்படுகின்றன. பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே காத்திருக்கும் மணிகளும், கடற்காற்றுக்கு அஞ்சிப் புட்டியை மூடிவைக்கும் பிற்பகலும், மழை நாளில் முழுதாக நின்றுபோகும் வேலையும் எவர் ஏட்டிலும் ஏறுவதில்லை. கண்ணின் ஈரத்தைக் காட்டுவது அந்தக் காத்திருப்பே என்னும்போது அதற்குக் கூலியில்லை என்று சொல்வது கண்ணுக்கே கூலியில்லை என்று சொல்வதாகும். கூட்டுறவுச் சங்கங்களும் அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களும் இருந்தும், சிறு வீடுகள் பருவத்தின் முன்பணத்துக்காக வணிகரிடமே செல்கின்றன. முன்பணம் வாங்கிய கையால் “ரெண்டு நாள்” என்பதை அழுத்திச் சொல்ல முடிவதில்லை. இதனை ஒரு தொழிலின் இயல்பு என்று ஏற்பது அநீதிக்கு உடன்படுவது.

வண்டி சென்றபின் பின்கட்டின் மூலையிலிருந்த தாழ்ந்த பலகை பார்வைக்கு வந்தது. சென்ற ஆண்டுச் சரக்கிலிருந்து திரும்பிவந்தவை அங்கு நின்றன: பூ விழுந்த கண்ணுடன் ஒரு செட்டியார், அவருடைய செட்டிச்சி, ஒரு கண் மட்டும் மங்கிய கிருஷ்ணன். அரக்கு வார்னிஷில் விழுந்த பூவை, காற்று உலர்ந்த நாளில் ஸ்பிரிட்டைத் துணியில் மிக இலேசாக ஏற்றி ஒருமுறை ஒற்றினால் பூச்சு இளகி மீண்டும் தெளிந்துவிடும். இருமுறை ஒற்றினால் மையும் போய்விடும். அதற்குரிய நாள் தையில்தான் வரும் என்று கூறி, அந்த மூன்றின் முகத்தையும் அவர் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.