மஞ்சள் போர்டும் எட்டாம் வகுப்பும்

2013-ல் ஒரு விடியற்காலை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சரக்கு ஏற்றிக் கிளம்பிய, குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டி ஒன்று, எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் மோதியது. அதை ஓட்டி வந்த கட்டடத் தொழிலாளிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்காக இழப்பீட்டு வழக்கு போட்டது நான். எங்கள் பேச்சில் அதை எம்.சி.ஓ.பி. என்போம். வண்டியின் உரிமையாளரும் ஓட்டுநருமான ஒருவர் முதல் எதிர்மனுதாரர், அந்த வண்டிக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனம் இரண்டாம் எதிர்மனுதாரர்.

முதல் எதிர்மனுதாரர் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை, எக்ஸ்பார்ட்டி ஆனார். இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறோம், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இப்படி வீட்டில் இருந்துவிடும் வண்டிக்காரர்கள் ஏராளம். கம்பெனி அவருக்காக வாதாடவில்லை, அவருக்கு எதிராகவே வாதாடியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஒரு சாட்சியை அழைத்து, அவருடைய உரிமத்தில் இலகுரக வாகனம் மட்டுமே உண்டு, பேட்ஜ் கிடையாது என்று நிரூபித்தது. மஞ்சள் போர்டு வண்டியை ஓட்ட, போக்குவரத்து வாகனத்துக்கான அனுமதி உரிமத்தில் தனியாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. அதைத்தான் பேட்ஜ் என்கிறோம்.

அவர் ஏன் பேட்ஜ் எடுக்கவில்லை? எடுக்கப் போனார், கிடைக்கவில்லை. 2007-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றது 8-ஆம் விதி. அதற்கு முன்பே பேட்ஜ் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. இவரிடம் முன்பு இருந்தது வெறும் கார் உரிமம். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், இருபது வருடம் பிறருடைய கார்களை ஓட்டிவிட்டு, கடன் வாங்கிச் சொந்த வண்டி வாங்கியவர். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள சொகுசுக் காரை வெள்ளை போர்டோடு ஓட்டச் சட்டம் அவரை அனுமதித்தது. சரக்கோடு சேர்த்தும் இரண்டு டன் எட்டாத குட்டி யானையை ஓட்ட மட்டும் எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்டது.

அவர் ஒரு வழக்கறிஞரை வைத்திருந்தால் சொல்ல நிறைய இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத போக்குவரத்து வாகனமும் இலகுரக வாகனமே என்று 1988-ஆம் வருடச் சட்டத்தின் வரையறையே சொல்கிறது. உரிமக் குறைபாடு விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்று 2004-லேயே சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த விடியற்காலையில் நடந்ததற்கும் அவர் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியை அங்கே யாரும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டியது நானும் அல்ல. என் கட்சிக்காரருக்குப் பணம் யார் கையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

2015-ல் தீர்ப்பு வந்தது. கம்பெனி முதலில் பணம் கட்ட வேண்டும், பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். என் கட்சிக்காரருக்கு வட்டியோடு முழுத் தொகையும் கிடைத்தது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு ஒரு பெட்டிக்கடை வைத்தார். மறுபக்கம், கம்பெனி தனி வழக்குகூடப் போடாமல் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டது. மேல்முறையீட்டுக்கு இருந்த 90 நாளும், அதற்கு 25,000 ரூபாயோ தீர்ப்புத் தொகையில் பாதியோ எது குறைவோ அதைக் கட்டினால் போதும் என்பது அவருக்குத் தெரியாமலே, கடந்துபோயின. வண்டி விற்கப்பட்டது. மனைவியின் நகை போனது. மீதி தவணையாயிற்று.

2017 ஜூலையில், முகுந்த் தேவாங்கன் வழக்கில், இலகுரக உரிமமே அந்த எடை வரம்புக்குள் வரும் சரக்கு வண்டிக்கும் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் எட்டாம் வகுப்பு விதியே நீக்கப்பட்டது. ஹரியானாவின் மேவாட் பகுதி ஓட்டுநர்களுக்காக அந்த மாநில அரசு கேட்டதிலிருந்து கிளம்பியது அது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2017 தீர்ப்பை உறுதி செய்தது. அவருடைய வழக்கு அதற்கெல்லாம் முன்பே முடிந்துவிட்டது. முடிந்த தீர்ப்பைப் பின்னால் வந்த விளக்கத்தைக் காட்டித் திறக்க முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் எந்த வழக்கும் முடியாது என்பதை நான் ஏற்கிறேன். அவரிடம் அதை நேரில் சொல்லும்போது அப்படி ஏற்க முடியவில்லை.

அந்தச் சந்தையில்தான் அவரைப் பார்த்தேன், இன்னொருவருடைய குட்டி யானையைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். "இப்ப நான் ஓட்டுறது சரிதானே சார்?" என்றார். சரிதான் என்றேன். "நோட்டீஸ் வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு. ஏஜென்ட்டு கிட்ட காமிச்சேன், ஒண்ணும் பண்ண வேண்டாம்னாரு."

அந்த நோட்டீஸ் என் அலுவலகத்தில் தட்டச்சு செய்தது. அதற்குப் பிறகு உரிமையாளருக்கு நான் அனுப்பும் நோட்டீஸ்களின் அடியில் தமிழில் இரண்டு வரி சேர்க்கிறேன்: காப்பீடு இருந்தாலும் பணம் உங்களிடமே வசூலிக்கப்படலாம், குறித்த நாளில் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ வாருங்கள்.