ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம்

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரடி விமானம் அதனைச் சுமார் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பிந்தியது. ஆதலால் காலை 10 மணிக்குப் புறப்படுவோர் அங்கே பிற்பகல் 1.30 மணியளவில் இறங்குகின்றனர். கடிகாரத்தை மட்டும் பார்ப்போருக்கு அது மூன்றரை மணி நேரப் பயணமே.

எங்கள் பாட்டனார் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்தில் கணக்கு வேறாக இருந்தது. சென்னையிலிருந்து மும்பைக்கு ரயில். அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். 1995ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணம் நின்றுபோயிற்று. கடலில் கழிந்த நாட்களில் அவர்கள் ஹஜ்ஜின் கிரியைகளைக் கற்றார்கள், பாவமன்னிப்புத் தேடினார்கள், யலம்லமுக்கு நேராகக் கப்பல் வந்தபோது இஹ்ராம் பூண்டார்கள். கரை தெரியுமுன்பே உள்ளம் மக்காவை அடைந்திருந்தது.

எங்கள் உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் சென்றபோதுதான் ஆறு மணி நேரம் எவ்வளவு குறுகியது என்பது எங்களுக்கு விளங்கிற்று. உணவு, உறக்கம், உளூ என்று பொழுது கரைந்தது. விமானம் நிமிடத்திற்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பறக்கிறது. மீகாத் எல்லை கண்ணுக்குத் தெரியாமலே கீழே கடந்து போகும். இஹ்ராமின்றி அதைக் கடந்து, திரும்பிச் சென்று நிய்யத் செய்யாதவர்மீது ஆடு அறுத்துப் பரிகாரம் செய்வது கடமையாகிவிடும். உம்மாவோ கண்ணயரவே அஞ்சி, "வாப்பா, எல்லை வந்துட்டா?" என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். எல்லைக்குச் சற்று முன்னரே நிய்யத் செய்வது கூடும் என்பதால், அறிவிப்பு வருமுன்பே எல்லோரும் நிய்யத் செய்து தல்பியா சொல்லத் தொடங்கினோம். அதன்பிறகே உம்மாவின் முகம் தெளிந்தது.

மேற்கு நோக்கிப் பறந்ததால் சூரியன் உச்சி சாயத் தாமதமாயிற்று. இறங்கியபோது லுஹர் வக்து மீதமிருந்தது. விமான நிலையத்திலேயே இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். "குளிர்ந்த காற்றில் அமர்ந்து வந்தோம், உணவும் இருக்கைக்கே வந்தது. நமக்கு எதற்கு இந்தச் சலுகை?" என்று உம்மா கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. சூரத்துந் நிஸாவின் 101ஆம் வசனம் அச்சத்தைக் குறிப்பிட்டுத்தான் கஸ்ரை அனுமதிக்கிறது. அச்சம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, அது அல்லாஹ் வழங்கிய கொடை, அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஷாபியீ மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் சுமார் 80 கிலோமீட்டர். நாங்கள் கடந்ததோ அதைப்போல் ஐம்பத்தைந்து மடங்கு. சலுகை தூரத்திற்கு உரியது; களைப்பை அளந்து தரப்படுவதன்று.

ஆகவே விமானம் குறைத்திருப்பது சிரமத்தை மட்டுமே. இறைவனின் கொடை குறையவில்லை. நம் பொறுப்பும் குறையவில்லை. கப்பல் தந்த ஆயத்த நாட்களை இனி நாமே வீட்டில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்தே கிரியைகளைக் கற்போம்; கடன்களைத் தீர்ப்போம்; பிணங்கிய உறவினரின் வாசலுக்குச் செல்வோம். அந்த வாசல் அடுத்த தெருவில்தான் இருக்கும். ஆயினும் பலருக்கு ஜித்தாவைவிடத் தொலைவானது அதுவே. வல்ல நாயன் அத்தூரத்தையும் நமக்கு எளிதாக்குவானாக. ஆமீன்.