காயம் ஆறிய பிறகு

வயிற்றுக் கட்டிக்காக அம்மாவின் இரைப்பையை முழுதாக எடுத்தார்கள். தையல் ஆறியது, சாப்பாடு கொஞ்சங்கொஞ்சமாக இறங்கியது, கட்டியும் திரும்பவில்லை. பசறையில் எங்கள் லயத்தில் எல்லோருக்கும் நிம்மதி. சில வருடம் கழித்துப் பாதம் மதமதக்கத் தொடங்கியது. "காலுக்கடியில பஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்பார். செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமல் அவர் நடந்துகொண்டிருப்பார். பீலியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவார். காலமெல்லாம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால் அல்லவா, வாதம் என்றார்கள், தேய்மானம் என்றார்கள்.

ஆள் வெளிறியிருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். முகத்தில் நிறம் வந்தது, கால் இன்னும் மோசமானது. அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். விற்றமின் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் இரத்தத்தைத் தேற்றிவிடும். முள்ளந்தண்டு நரம்பைத் தேற்றாது. இரத்தம் தேறியதைப் பார்த்து நாமும் ஏமாந்துவிடுவோம்.

பதுளை பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் இசைக்கவையைத் தட்டி அம்மாவின் கணுக்காலில் வைத்தார். அதிர்வு அம்மாவுக்குத் தெரியவில்லை. "கண்ண மூடிக்கிட்டு நில்லுங்கம்மா" என்றவர், சாய்ந்தவரைத் தாங்கிக்கொண்டே கேட்டார்: "வயித்துல ஒப்பரேஷன் செஞ்சிருக்கா?"

அம்மாவுக்குக் குறைந்திருந்தது பி12. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் கூடப் போனால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி உணவிலுள்ள பி12ஐ எடுத்துக்கொள்ளும். ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடம் தாங்குவதால் நோய் பிந்தி வருகிறது. நாங்கள் ஆக்கிக் கொடுத்த ஈரலும் முட்டையும் உதவாத காரணம் அன்றுதான் விளங்கியது. இரைப்பையின் இந்தப் பங்கைக் காட்ட, பொஸ்டன் மருத்துவர் வில்லியம் காஸில், தான் தின்ற இறைச்சியைத் தன் இரைப்பையிலிருந்தே திரும்ப எடுத்துச் சோகை நோயாளிகளுக்குக் கொடுத்தார், இரத்தம் ஊறியது. வெறும் இறைச்சிக்கு ஊறவில்லை. இதை அவர் வெளியிட்டது 1929இல்.

அம்மாவுக்கு 1000 மைக்ரோகிராம் பி12 ஊசி, தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு ஆயுள் முழுக்க இடைவெளி விட்டு. அம்மா இப்போது கம்பை ஊன்றிப் பீலிவரை போய்வருகிறார். மரப்பு முழுதாகப் போகவில்லை. நாள் கடந்து தொடங்கினால் நரம்பு அவ்வளவுதான் மீளும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரைப்பையை எடுத்திருந்தால், பாதியை எடுத்திருந்தாலும், கால் மரக்கும்வரை காத்திருக்காதீர்கள். பழைய நோய் அட்டையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், பி12 ஊசி எப்போது என்று கேளுங்கள். ஒப்பரேஷன் முடிந்த முதல் வாரங்களிலேயே வாந்தி நிற்காமல், பார்வை இரட்டித்து, நடை தடுமாறினால் அது பி1 குறைபாடாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.