தண்ணீருக்கு ஒரு வழி

மைரன் ஏவரியை நினைத்தால் கண்முன்னால் அந்தச் சக்கரம்தான் வருகிறது. சைக்கிள் சக்கரத்தில் கைப்பிடி பொருத்தி, தூரம் காட்டும் கருவி மாட்டி, அதைத் தள்ளிக்கொண்டே மலையேறிய மனிதர். கடல் வழக்குகள் பார்த்த வக்கீல். ஓய்வு கிடைத்தால் காடு. அமெரிக்காவின் கிழக்கே ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைத் தொடும் அப்பலாச்சியன் பாதையை முதலில் முழுக்க நடந்தவரும் அவர்தான், துண்டுதுண்டாக, 1936இல்.

கனவு கண்டவர் வேறு ஆள். பென்டன் மெக்கே 1921இல் கட்டடக் கலைஞர்களின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆலை நகரங்களில் மூச்சு முட்டிக் கிடப்பவர்களுக்கு மலைமேல் முகாம்கள், பண்ணைகள், இவற்றைக் கோக்க ஒரு பாதை. முகாமும் பண்ணையும் காகிதத்தோடு நின்றன. பாதை மட்டும் மண்ணுக்கு இறங்கியது. மெக்கேயைப் படித்தால் மனம் விரியும், மறுக்கவில்லை. ஆனால் கடப்பாரை பிடித்த பிறகு என் ஓட்டு ஏவரிக்குத்தான்.

வெர்ஜீனியாவில், ஷெனான்டோவா தேசியப் பூங்காவின் மலையில், அந்தக் கடப்பாரையை எனக்குக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஏவரி 1927இல் முன்னின்று தொடங்கிய சங்கம் இன்றும் அங்கே பாதையைப் பார்த்துக்கொள்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு, பெரும்பாலும் ஓரிரு மைல். பெரியவருக்கும் ஒரு துண்டு இருந்தது. விழுந்த மரத்தையும் முட்செடியையும் அவர் பொருட்படுத்தியதே இல்லை. கால்தடத்தில் இறங்கும் மழைத்தண்ணீர்தான் அவருக்குப் பகை. சரிவில் அதை ஓடவிட்டால் சில கோடைகளில் பாதை ஓடையாகிவிடும் என்பார். அதனால் கல்லை நெம்பி எடுத்துப் பாதைக்குக் குறுக்கே பதிப்போம். நேர்குறுக்காக வைத்தால் மண் தேங்கி அடைத்துக்கொள்ளும். சாய்த்து வைத்தால் தண்ணீரே தன் வேகத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிவிடும். வயலில் மடை திருப்புகிற வேலைதான், என்ன, இங்கே தண்ணீர் யாருக்கும் வேண்டாம். கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். வெளியே தெரியும் கல்லைப் பார்த்து யாரும் நம்மைப் பாராட்டப் போவதில்லை.

அம்மா அப்போது போனில் கேட்டாள்: “ஏண்டா, காசு குடுக்காம மண்ணு வெட்டச் சொல்றாங்களா?”

“ஆமாம்மா.”

“நீயும் போறியா?”

அதற்கு மேல் விளக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

வெள்ளைக் கோடு தீட்டுவது ஒன்றுதான் சுகமான வேலை. மரத்தில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடு இருந்தால் முன்னே திருப்பம் இருக்கிறது, கவனி என்று பொருள். கிளைப்பாதைகளுக்கு நீலம். புதிதாக வருகிறவர்கள் ஆசையில் மரத்துக்கு மரம் தீட்டிவிடுவார்கள். பெரியவர் சுரண்டச் சொல்வார்.

அந்த மலைமுகட்டை ஒட்டியே ஸ்கைலைன் டிரைவ் என்ற கார்ச்சாலை ஓடுகிறது. 1930களில் அது பழைய பாதையின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பாதையைத் தள்ளிப் போட நேர்ந்தது. மெக்கே கொதித்தார். ஏவரி சாலையை ஏற்று, புதுத்தடம் பார்க்கக் கிளம்பிவிட்டார். இருவரும் பிறகு சேரவே இல்லை. என் ஓட்டு ஏவரிக்கு என்றேனே, மோட்டார் சைக்கிள் கூட்டம் உறுமிக்கொண்டு போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் ஆட்டம் காணும். காட்டின் நடுவே திடீரென்று ஆப்பிள் மரங்கள் வரும், சரிந்த புகைபோக்கி வரும். பூங்காவுக்காக வெளியேற்றப்பட்ட மலைக்குடும்பங்களின் வீடுகள் அவை. அதைப் பற்றி ஏவரியும் மெக்கேயும் சண்டை போட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

1937 ஆகஸ்ட் 14 அன்று மெய்ன் மாநிலத்தில் கடைசித் துண்டு இணைந்தது. மறுவருடமே நியூ இங்கிலாந்தில் பெரும்புயல். மைல் கணக்கில் மரம் சாய்ந்தது. பிறகு போர். வெட்ட ஆளில்லாமல் புதர் மூடியது. 1948இல், போரில் நண்பனை இழந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் ஒரே மூச்சில் முழுப்பாதையும் நடந்தபோது, பல இடங்களில் தடம் தேடித்தான் போயிருக்கிறார். முடித்ததாகச் சொன்னபோது பாதைக்காரர்களே நம்பவில்லை. நாட்குறிப்பையும் ஸ்லைடுகளையும் காட்ட வேண்டியிருந்தது. தங்கள் பாதை கிடந்த நிலை அவர்களுக்கு நன்றாகவே தெரியும் அல்லவா?

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தென்பகுதியைப் புரட்டிப் போட்ட செய்தி வந்தபோது, நான் முதலில் மரங்களை நினைக்கவில்லை. பதித்த கற்களை நினைத்தேன். மரத்தை அறுத்துத் தள்ளலாம். வனப்பாதுகாப்புச் சட்டம் எஞ்சினைத் தடுக்கும் இடங்களில் இருபுறமும் ஆள் நின்று இழுக்கும் ரம்பம் இருக்கிறது. மலைச்சரிவே வழிந்து போன இடத்தில் எதைக் கொண்டு எதைத் தாங்குவது? புதுத்தடம்தான். அதனால்தான் பாதையின் நீளம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. இப்போது 2,190 மைலைத் தாண்டி நிற்கிறது. ஏவரி சக்கரம் தள்ளிய தடத்தின் பெரும்பகுதியில் இன்று யாரும் நடப்பதில்லை.

எங்களுக்கும் கணக்கு உண்டு. உழைத்த நேரத்தைப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். ஒருநாள் கொட்டும் மழை. கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, நாங்கள் பதித்த கல்லில் தண்ணீர் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று நனைந்துகொண்டே பார்த்து நின்றோம். சும்மா நின்ற அந்த நேரத்தையும் எழுதலாமா என்று பெரியவரைக் கேட்டேன்.

“அதை முதலில் எழுது” என்றார்.