வீங்கிய கையும் அக்குபங்சர் ஊசியும்

பாரிஸ்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இத்தனை நாள் கழித்து இடது கை வீங்கிவிட்டது, வளையல் ஏறவில்லை, ரவிக்கைக் கையைப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அக்குபங்சர் செய்தால் வடிந்துவிடும் என்கிறார்களே, செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். படித்ததையும் இங்கே பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையில் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள் அல்லவா? கையிலிருந்து நிணநீர் திரும்பும் வழியே அதுதான். கதிர்வீச்சும் சேர்ந்தால் வழி இன்னும் அடைபட்டு, நீர் கையிலேயே தேங்கும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. சித்தி எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை முதலில் அவரிடம் சொல்.

அக்குபங்சர் விஷயத்தை நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை முறையாகவே ஆராய்ந்தது. 33 பெண்களுக்கு வாரம் இருமுறை, நான்கு வாரம் ஊசி போட்டார்கள். 11 பேருக்கு இரண்டு கைகளின் சுற்றளவு வித்தியாசம் 30 சதவீதமாவது குறைந்தது. 2013இல் வெளியான இந்தச் சேதிதான் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆனால் ஊசி போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வு அது. அதே மருத்துவமனை பிறகு பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆறு வாரம் ஊசி போட்டுப் பார்த்தது. 2018இல் முடிவு வந்தது: பெரிய கெடுதல் இல்லை, ஆனால் வீக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசமும் இல்லை. தன் முதல் நம்பிக்கையைத் தானே சோதித்து, பலிக்கவில்லை என்று வெளியிட்ட அந்த நேர்மையை மதிக்கிறேன். வீக்கம் வடிவதற்காகச் சித்தியை ஊசிக்கு அழைத்துப் போகாதே.

நம்ம பாண்டிக்கு இந்த வீக்கம் புதிதில்லை. யானைக்கால் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே நிணநீர்க் குழாயைக் கெடுத்தது கொசு கொண்டுவந்த புழு. இங்கே புற்றுநோய் சிகிச்சை. தேங்கும் நீர் ஒன்றுதான். இந்திரா நகரில் 1975இல் தொடங்கிய வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர், 1981 முதல் 1985 வரை நகரத்தில் யானைக்காலைக் கட்டுப்படுத்த கொசு ஒழிப்பில் இறங்கியது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு அங்கே சொல்லித்தரும் பாடம் எளிமையானது: தினமும் சோப்புப் போட்டுக் கழுவு, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடை, வெடிப்புக்கு மருந்து போடு, உயர்த்தி வை, அசை. சித்தியின் கைக்கும் அதேதான். மீன் ஆயும்போது முள் குத்தினாலும் உடனே கழுவி மருந்து போடச் சொல்.

இங்கே பிரான்சில் இதற்குக் கினேயிடம், அதாவது பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புவார்கள். தோலை மெல்ல நீவி நீரை வழிமாற்றும் முறையை டென்மார்க்கின் எமில் வோடர் 1936இல் பாரிஸில்தான் அறிமுகப்படுத்தினார். கட்டு, அளவெடுத்த அழுத்த உறை, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. நம்மூர்ப் புழுக்கத்தில் உறை போடுவது பெரும்பாடு, தெரியும். இரண்டு வாங்கி, தினமும் ஒன்றைத் துவைத்துப்போடு. தொளதொளவென்று ஆகிவிட்டால் பிரயோஜனமில்லை, மாற்ற வேண்டும்.

அந்தக் கையால் ஒரு சொம்புகூடத் தூக்கக்கூடாது என்று சித்தியை உட்கார்த்தி வைக்காதீர்கள். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 141 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் பயிற்சியாளர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் அதிகமாகவில்லை, திடீரென்று மோசமாவதும் பயிற்சி செய்யாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பிசியோதெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு லேசாக ஆரம்பிக்கட்டும். தையல்காரர் டேப்பால் வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், இரண்டு கையையும் அளந்து நோட்டில் எழுதி வை.

ஒன்றை மட்டும் மறக்காதே. கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அது கிருமித்தொற்று. விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரியானாலும் ஜிப்மருக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே அழைத்துப் போ.

அன்புடன்,
அண்ணன்