ஈர மண்ணில் வறண்ட நாட்டு விருந்தாளி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை, பச்சிலைக்கும் பஞ்சமில்லை. புதிதாக வீட்டுக்கு வரும் ஆமைக்கு ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் சிறிது தூரம் நடந்தாலே மாநிலம் மாறிவிடும். கடைப் பலகைகளில் தமிழ் குறைந்து மலையாளம் ஏறும். பேச்சு மட்டும் சட்டென்று மாறுவதில்லை. இஞ்சிவிளையிலும் பாறசாலையிலும் டீக்கடை பெஞ்சில் தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் முடியும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வரைபடத்தில் விழுந்த கோடு, கல்யாண உறவுகளையும் சந்தைப் பழக்கங்களையும் பழமொழிகளையும் அறுக்கவில்லை.

அந்தப் பழமொழிகளில் ஒன்று ஆமைக்கு எதிரானது. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது.' ஜப்தி செய்ய வரும் கோர்ட் சேவகனுக்குச் சமமாக ஒரு சாதுவான பிராணியை நிறுத்திய பழி இது. பழமொழி சொல்வது பிராணியை அல்ல, கல்லாமை, பொறாமை, முயலாமை போன்ற 'ஆமை'களைத்தான் என்று சிலேடையாக விளக்கம் சொல்பவர்களும் உண்டு. இன்றைய நிலைமையோ நேர் எதிர். ஆமை வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம், பணம் சேரும் என்ற நம்பிக்கை நகரங்களில் பரவி, கிராமங்கள் வரை வந்துவிட்டது. துரதிர்ஷ்டம் என்று விரட்டினாலும் அதிர்ஷ்டம் என்று பிடித்து வைத்தாலும் கஷ்டப்படுவது ஆமைதான்.

இந்தப் பகுதியைப் பார்த்தால் ஆமைக்கென்றே படைத்த பூமி என்று தோன்றும். அகஸ்தியர் மலைப் பகுதியில் பிறக்கும் நெய்யாறு, அமரவிளைப் பாலத்தின் கீழே ஓடி, நெய்யாற்றின்கரையைத் தொட்டு, பூவாறில் கடலில் கலக்கிறது. ஊர்ப் பெயர்களிலேயே குளம் இருக்கிறது: உதியன்குளங்கரை, குளத்தூர். சரிவில் ரப்பர், அதற்குக் கீழே தென்னையும் வாழையும், வேலியோரம் மரச்சீனி, வீட்டுக்கு வீடு கிணறு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று வானம் இரண்டு முறை திறக்கும்.

இந்த ஈரத்துக்குச் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள். கரிய ஓடுள்ள காராமையும், பின்னங்கால்களைத் தோல் மடிப்பால் மூடிக்கொள்ளும் பாலாமையும் கேரளத்துக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழ்பவை. நத்தை, தவளை, மீன், நீர்ச்செடி என்று கிடைப்பதைத் தின்று, வறட்சியில் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும் வித்தை பாலாமைக்குத் தெரியும். மழைக்காலத்தில் இவை ரோட்டில் ஏறும்போதுதான் சிறுவர்கள் கையில் சிக்குகின்றன. அடுத்த நிமிடம் சிமெண்ட் தொட்டி, ஒரு பிடி சோறு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் கூட்டம்.

அந்த ஆமையை எப்படிப் பழக்குவது, என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: எடுத்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள குளத்தில் அன்றைக்கே விட்டுவிடுவது. பாலாமை, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வைத்து வளர்க்க வழியில்லை.

இரண்டாவது வகை, கிழக்கிலிருந்து வருவது. களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நிலம் சட்டென்று வேறாகிவிடும். பனை, உடைமரம், செம்மண் பொட்டல். தமிழகத்தின் இத்தகைய வறண்ட புதர்க்காடுகள்தான் நட்சத்திர ஆமையின் வீடு. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த அழகே அதற்கு எமன். ஆந்திர-தமிழக வட்டாரத்தில் ஒரே ஒரு வியாபார மையத்துக்காக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2019ல் சர்வதேச வணிகத்தை முற்றிலும் தடுக்கும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது சேர்ந்தது. 2022ல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டமும் அதை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. வைத்திருந்து பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும் நட்சத்திர ஆமைக்கு பாறசாலை பொருந்தாது. தூத்துக்குடிப் பக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 650 மில்லிமீட்டர் மழை என்றால், திருவனந்தபுரம் பக்கத்தில் சுமார் 1,800. நாள் கணக்கில் வெயில் தலைகாட்டாத ஜூன் மாதத்தில், ஈரத் தரையில் வயிறு பட்டுக் கிடக்கும் வறண்ட நிலத்து ஆமைக்கு முதலில் மூக்கு ஒழுகும். பிறகு வாயைத் திறந்து மூச்சு விடும். அது நிமோனியாவின் வாசல்.

கேரள வனத்துறை இதை நடைமுறையிலேயே காட்டியிருக்கிறது. பறிமுதலான நட்சத்திர ஆமைகளுக்கு மறுவாழ்வு மையம் அமைக்க அது தேர்ந்தெடுத்தது கடற்கரைச் சமவெளியை அல்ல. இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மழை மறைவுப் பிரதேசமான சின்னாறு சரணாலயத்தை. கேரளத்தில் அந்த ஆமை இயற்கையாகவே வாழும் இடம் அதுதான். வரும் ஆமைகளுக்கு முதலில் தனிமை, உடல் பரிசோதனை. இடத்துக்குப் பழகிய பிறகே காடு. ஆமை குடியேறுவது எஜமானரின் அன்பைப் பொறுத்ததல்ல, தரையையும் காற்றையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் இங்கே சட்டப்படி வீட்டுக்கு வரக்கூடிய ஆமை எது? வெளிநாட்டு இனங்கள் மட்டுமே. மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் பச்சை நிறக் குட்டி, அமெரிக்காவைச் சேர்ந்த செஞ்செவி ஆமை. காசு அளவில் வாங்கியது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் பலர் அதைக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். 2018ல் திருச்சூர் பகுதிக் கால்வாயில் அது தென்பட்ட பிறகு, பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய ஆமைகளை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ளும் பணியில் இறங்கியது. காரணம், ஒரு குளத்தில் இது பெருகினால் காராமையின் இரையும் வெயில் காயும் இடமும் பறிபோகும். நெய்யாற்றின் குளங்களுக்கு இந்தப் பரிசு வேண்டாம்.

மிஞ்சுவது நில ஆமை. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பைச் சேர்ந்த சல்கேட்டாதான் இந்திய வீடுகளில் அதிகம் பேசப்படுவது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி சைட்ஸ் பட்டியலிலுள்ள இத்தகைய பிராணிகளை 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். ரசீது, பதிவு இரண்டும் இல்லாமல் விற்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

வந்த முதல் வாரம் செய்ய வேண்டிய பெரிய உதவி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பலாமரத்தின் அடிமரம் இருக்கிறது. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். புதிய இடத்துக்கு வந்த ஆமைக்கும் அப்படி ஒரு பொந்துதான் முதலில் தேவை. கவிழ்த்த பானையின் பாதி, மரப்பெட்டி, எதுவானாலும் சரி; இருட்டாக, உடம்பை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். தூக்கிக் காட்டுவது, போட்டோ எடுப்பது, கூட்டம் சேர்ப்பது எல்லாம் நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருப்பது பயத்தின் அடையாளம். உடனே பதற வேண்டியதில்லை.

சாப்பிடாததற்கு இன்னொரு காரணம் குளிர். ஆமையின் உடம்புச் சூடு வெளியிலிருந்து வருவது. சூடு இல்லாவிட்டால் பசி இல்லை, தின்றதும் செரிக்காது. வெயில் காயும் இடத்தில் சுமார் 35 டிகிரி, நிழலில் 26 முதல் 28 டிகிரி இருந்தால் சல்கேட்டா குட்டி தானாகவே உணவைத் தேடும். வெயில் இருக்கும் மாதங்களில் முற்றமே போதும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பயனில்லை. ஓட்டுக்கு வேண்டிய வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மழை மாதங்களில் அதற்கென்று விற்கும் விளக்குகள் தேவை.

ஈரத்தைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. சல்கேட்டா குட்டிகளைப் பற்றி 2003ல் வெளியான ஆய்வு, வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடுதான் கூம்பு கூம்பாகப் புடைத்தது என்று கண்டது. ஆகவே பாறசாலையின் ஈரக் காற்று குட்டிக்கு நல்லதே. கெடுதல், தரையில் தேங்கும் குளிர்ந்த ஈரம். கூண்டை மேட்டில் அமைத்து, மேலே கூரை போட்டு, தண்ணீர் வடிய வழி செய்தால் பாதி வேலை முடிந்தது. குட்டியை வாரத்தில் சில நாள் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கும் அளவில், 15 நிமிடம் விட்டால் அது வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். அதை நீந்த விடக் கூடாது. நில ஆமை குளத்திலோ கிணற்றிலோ விழுந்தால் மூழ்கிவிடும். வேலி கம்பி வலையாக இருந்தால் வெளியே பார்த்துக்கொண்டே நாள் முழுக்க முட்டி நடக்கும். பார்வை மறைக்கும் பலகையோ செங்கல்லோ வைத்தால் அடங்கும். நாயை ஆமையோடு தனியே விட வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. சல்கேட்டாவுக்கு மாட்டின் சாப்பாடுதான் முக்கால் பங்கு: புல். அருகம்புல், இளம் தீவனப்புல், காய்ந்த புல். கூடவே வேலியோரத்துச் செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, அளவாக முருங்கைக் கீரை. சுண்ணாம்புச் சத்துக்கு பொழியூர், பூவாறு கடற்கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் போட்டால் ஆமை தானாகக் கடித்துக்கொள்ளும். நாட்டுமருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டாலும் இதுதான் கிடைக்கும்.

கொடுக்கக் கூடாதவையும் அதே வேலியில்தான் நிற்கின்றன. மரச்சீனி இலை, ரப்பர் இலை இரண்டிலும் சயனைடு விஷம் உண்டாகும். ஆடு மாடு தின்று சாவதைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரளியும் நித்தியகல்யாணியும் விஷம். சேம்பு இலை வாயை அரிக்கும். ரப்பருக்குத் துரிசு மருந்து தெளித்த தோட்டத்துப் புல்லை அறுக்கக் கூடாது. பாசத்தோடு வைக்கும் சோறு, தோசை, வாழைப்பழம், நாய்க்கு வாங்கிய பிஸ்கட் ஆகியவையும் வேண்டாம். அவற்றை ஆமை ஆவலோடு தின்னும் என்பதுதான் சிக்கல். புல்லைச் செரிக்கப் படைத்த குடலில் மாவும் சர்க்கரையும் புளித்து வயிற்றைக் கெடுக்கும்.

வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, ஒரு வாரம் தாண்டியும் சாப்பிடாவிட்டாலோ, கண் வீங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். பசுவும் ஆடும் பார்க்கும் எல்லா மருத்துவருக்கும் ஊர்வன வைத்தியம் பழக்கமாக இருக்காது. யாரிடம் போவது என்பதை ஆமை வாங்கும் முன்பே விசாரித்து வைப்பது நல்லது. தொட்ட கையைக் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தால் என்ன ஆகும்? ஆமை வளரும். உள்ளங்கையில் அடங்கிய குட்டி, ஒரு சிமெண்ட் மூட்டையின் எடைக்கு வரும். மண்ணைக் குடைந்து வளை தோண்டும். மழையில் நனைந்த மதிலடியில் அது தோண்டினால் மதில் சாயலாம். பத்து சென்ட் மனையில் வீடு, கிணறு, தொழுவம் போக அதற்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் குட்டியாக இருக்கும்போதே கணக்கிட வேண்டும். ஆயுளும் அப்படித்தான். கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006 மார்ச்சில் இறந்த 'அத்வைதா' என்ற ராட்சத ஆமை, ராபர்ட் கிளைவிடம் இருந்தது என்றும் அதற்கு 250 வயது என்றும் சொல்லப்பட்டது. அது மெய்ப்பிக்கப்படாத கணக்கு. ஆனால் சல்கேட்டா 70 ஆண்டு வாழக்கூடும் என்பதில் மிகையில்லை.

நாற்பது வயதில் ஆமை வாங்குபவர் அதன் முதுமையைப் பார்க்கப் போவதில்லை. எல்லைக் கிராமங்களில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது தென்னை, பலா, கிணற்றுப் பாத்தியதை வரை எண்ணி எழுதுவார்கள். ஆமை உள்ள வீட்டில் இன்னொரு வரியும் வேண்டியிருக்கும்: இதற்குப் புல் அறுத்துப் போடப் போவது யார் என்று. அந்த வரியை எழுத யாரும் முன்வராத வீட்டுக்கு ஆமை வேண்டாம். குளக்கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டும் காராமையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அதற்குத் தீனியும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.